வேறு யாரும் இல்லை என்று யார் சொல்வது?

இங்கிலாந்தில் ஒருவர் உயில் எழுதாமல் இறந்து, சொந்தபந்தம் என்று யாரும் முன்வராவிட்டால், அவருடைய வீடும் வங்கிப் பணமும் கடைசியில் அரசுக் கருவூலத்துக்குப் போய்ச் சேரும். அதற்கு முன்பாக உரிய வாரிசுகளைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். வம்சாவளி ஆய்வாளர்கள். டிவியில் அவர்களுக்கு வழங்கும் பெயர் 'ஏர் ஹன்ட்டர்ஸ்', அதாவது வாரிசு வேட்டைக்காரர்கள்.

நான் வேலை பார்ப்பது வட இங்கிலாந்தில் ஒரு சொலிசிட்டர் அலுவலகத்தின் புரோபேட் பிரிவில். இறந்தவரின் கடனை அடைத்து, வரியைக் கட்டி, மிச்சத்தை உரியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் வேலை. இதைச் சொன்னதும் நண்பர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "அப்போ டிவியில வர்ற மாதிரி போய்க் கதவைத் தட்டி, உங்களுக்குச் சொத்து வந்திருக்குன்னு சொல்வீங்களா?"

கதவைத் தட்டுகிற வேலை வம்சாவளி ஆய்வாளருடையது. நாங்கள் அவரை அமர்த்துகிறோம். ஆனால் வாரிசு ஒருவரைக் கண்டுபிடிப்பது அவர் வேலையின் சின்னப் பகுதிதான். 'இவர்களைத் தவிர வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை' என்று துணிந்து எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் பெரிய பகுதி. இந்த இரண்டாவது வேலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எந்த முறையில் கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அது ஒழுங்காக நடக்கிறதா இல்லையா என்பது தீர்மானமாகிறது. இந்த நீளப் பதிவு அதைப் பற்றித்தான்.

முதலில் சட்டம், சுருக்கமாக. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துவது 1925-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிர்வாகச் சட்டம். எஸ்டேட் என்றால் இறந்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்து. கணவன் அல்லது மனைவி, பிறகு பிள்ளைகள், அவர்களும் இல்லாவிட்டால் பெற்றோர், பிறகு உடன்பிறந்தவர்கள், தாயோ தந்தையோ மட்டும் பொதுவாக உள்ள சகோதரர்கள், தாத்தா பாட்டி, கடைசியில் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி வரிசை. இவர்களில் யாராவது முன்பே இறந்திருந்தால் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அந்தப் பங்குக்கு வருவார்கள். தாத்தா பாட்டியின் வழியில் வராத யாருக்கும் ஒரு பென்னி கிடையாது. முப்பது வருடம் ஒரே வீட்டில் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவருக்குக்கூட இந்த வரிசையில் இடம் இல்லை. அவர் தனியாக நீதிமன்றத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். அண்ணி, மருமகன், மனைவிக்கு முதல் கணவர் மூலம் பிறந்த பிள்ளை, பத்து வருடம் சோறு கொண்டுவந்து கொடுத்த பக்கத்து வீட்டுக்காரர், இவர்கள் யாருக்கும் கிடையாது.

இந்த வரிசையில் ஒருவரும் கிடைக்காவிட்டால் சொத்து மன்னருக்கு. நடைமுறையில் அரசின் சட்டத் துறை அதை வாங்கிக் கருவூலத்தில் சேர்க்கும். இறந்தவர் கார்ன்வால்காரர் என்றால் கார்ன்வால் டச்சி என்ற அரச குடும்ப நிறுவனத்துக்கும், பழைய லங்காஷையர் பகுதிக்காரர் என்றால் லங்காஸ்டர் டச்சிக்கும் போகும். இப்படி உரிமை கோரப்படாத எஸ்டேட்டுகளின் பெயர்ப்பட்டியலை அரசு வெளியிட்டு வந்தது. பெயர், இறந்த தேதி, இறந்த ஊர், தெரிந்தால் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், திருமணமானவரா இல்லையா போன்ற சில விவரங்கள்தான். சொத்தின் மதிப்பு இருக்காது.

ஒரு காலத்தில் இந்தப் பட்டியல் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை வரும். விடிவதற்கு முன்பே ஆய்வு நிறுவனங்களில் விளக்கு எரியும். எந்தப் பெயருக்குப் பின்னால் சொந்த வீடு இருக்கிறது, எதற்குப் பின்னால் வாடகை அறையும் கடனும்தான் இருக்கிறது என்று ஊகித்து, குடும்ப மரத்தை மத்தியானத்துக்குள் போட்டு, போட்டியாளருக்கு முன்னால் வாரிசின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். 2007-ல் தொடங்கிய பிபிசியின் 'ஏர் ஹன்ட்டர்ஸ்' நிகழ்ச்சி இந்த ஓட்டத்தைத்தான் பல வருடம் காலை நேரத்தில் காட்டியது. பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. வாரிசு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், வரப்போகும் பணத்தில் இத்தனை சதவீதம் நிறுவனத்துக்கு. சதவீதத்துக்கு இங்கே சட்டப்படி உச்சவரம்பு கிடையாது. கால் பங்கு கேட்பதும் உண்டு, அதற்கு மேலே கேட்பதும் உண்டு. அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி. இந்தத் தொழிலில் இறங்க உரிமம் எதுவும் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மரம் எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்தால்தான் இந்தத் தொழில்மேல் மரியாதை வரும். நிஜ வழக்கு எதையும் நான் இங்கே எழுத முடியாது. அதனால் ஒரு கற்பனைக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். யார்க்ஷையரில் ஒரு மில் ஊர். 1928-ல் பிறந்த பெண்மணி, 2019-ல் தொண்ணூற்றொரு வயதில் இறக்கிறார். திருமணம் இல்லை, பிள்ளை இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. ஒரு சின்ன வீடு, சேமிப்பு, செலவெல்லாம் போக 2,40,000 பவுண்டு.

ஆய்வாளர் முதலில் கையில் எடுப்பது இறப்புச் சான்றிதழ். அதில் எல்லோரும் பார்ப்பது நோயின் பெயரை. அவர் பார்ப்பது தகவல் கொடுத்தவர் கட்டத்தை. அங்கே ஒரு பெயரும் 'அண்ணன் மகள்' என்றும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 'அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தவர்' என்று மருத்துவமனை ஊழியரின் அல்லது கவுன்சில் அதிகாரியின் பெயர் இருந்தால், பக்கத்தில் யாருமே இல்லை என்று புரியும். நம் பெண்மணிக்கு இரண்டாவதுதான்.

உறவினர் இல்லாத ஒருவரின் இறுதிச் சடங்கை 1984-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி உள்ளூர் கவுன்சில் செய்யும். கவுன்சில் ஆள் வீட்டுக்குள் போய் உயில் இருக்கிறதா, முகவரிப் புத்தகம் இருக்கிறதா, டிராயரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். வருடம் தவறாமல் ஒரே கையெழுத்தில் வந்த அட்டை, உறையின் மேல் தபால் முத்திரை, இதெல்லாம் தடயம். அட்டையில் முதல் பெயர் மட்டும்தான் இருக்கும் என்பது இந்த வேலையில் நிரந்தர வேதனை.

அடுத்தது பெற்றோரின் திருமணச் சான்றிதழ், 1925. மணமகன், மணமகள் இருவருடைய தந்தைகளின் பெயரும் தொழிலும் அதில் இருக்கும். அம்மாக்களின் பெயர் இருக்காது. 2021 மே மாதம்வரை இங்கிலாந்தின் திருமணப் பதிவில் அம்மாவுக்கு இடமே இல்லை! ஆனால் சாட்சிகளின் பெயர் இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் பெரும்பாலும் அக்காவோ தம்பியோதான்.

இப்போது தந்தை வழித் தாத்தா பாட்டிக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரிய வேண்டும். இங்கேதான் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கைகொடுக்கிறது. குடும்பத் தலைவர் தன் கையாலேயே எழுதிய தாள் அப்படியே பாதுகாக்கப்பட்ட முதல் கணக்கெடுப்பு அது. அதில் திருமணமான பெண்களுக்கு மட்டும் சில கட்டங்கள்: திருமணமாகி எத்தனை வருடம், உயிருடன் பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. நம் குடும்பத்தின் தாளில் பதினான்கு வருடம், எட்டு, ஆறு, இரண்டு என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இனி ஆய்வாளருக்கு இலக்கு தெரியும். எட்டுப் பிறப்புப் பதிவு கிடைக்கும்வரை அவர் ஓயக்கூடாது. அந்தத் தாளில் ஐந்து பிள்ளைகள்தான் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் ஆறாவது எங்கே? பதின்மூன்று வயதில் எந்த வீட்டில் வேலைக்குப் போயிருக்கிறது? விதவைகள் இந்தக் கட்டங்களை நிரப்பத் தேவையில்லை. ஆனால் நிறையப் பேர் நிரப்பினார்கள், கணக்கெடுப்பாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அடித்த கோட்டுக்கு அடியில் உள்ள எண்ணை இன்றைக்கும் படிக்க முடிகிறது. பிறந்து இறந்த பிள்ளைகளின் கணக்கைக் கேட்காமலே எழுதிக் கொடுத்த அந்தத் தாய்மார்களால்தான், நூறு வருடம் கழித்து யாரோ ஒருவரின் பங்கு சரியாகப் போய்ச் சேருகிறது. (அந்த வருடம் பெண் வாக்குரிமைப் போராளிகள் பலர் கணக்கெடுப்பையே புறக்கணித்தார்கள். அவர்களுடைய வீடுகளில் இந்தத் துப்பு கிடையாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.)

1911-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வேறு வழி. அந்த வருட நடுப்பகுதியிலிருந்து தேசியப் பிறப்புக் குறியீட்டில் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும். இரண்டு குடும்பப் பெயரையும் ஒன்றாகத் தேடினால் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். பெயர் கொஞ்சம் அபூர்வமாக இருந்தால் ஒரு மணி நேர வேலை. வேல்ஸில் ஜோன்ஸ் குடும்பத்துப் பையன் வில்லியம்ஸ் குடும்பத்துப் பெண்ணைக் கட்டியிருந்தால் ஆய்வாளருக்கு வாரக்கணக்கில் தலைவலி. சான்றிதழ் ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்கி, முகவரியும் தொழிலும் பொருந்துகிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு பெரிய பள்ளம். 1931 கணக்கெடுப்பின் தாள்கள் முழுக்க 1942 டிசம்பரில் மிடில்செக்ஸ் ஹேய்ஸில் சேமிப்புக் கிடங்குத் தீயில் போயின. போர்க்காலம்தான், ஆனால் குண்டு வீச்சில் போனதல்ல. 1941-ல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1921-க்கும் 1951-க்கும் நடுவில் முப்பது வருடம் இருட்டு. அந்த இருட்டில் இருக்கும் ஒரே வெளிச்சம் 1939 செப்டம்பர் 29 அன்று அடையாள அட்டைக்காக எடுத்த பதிவேடு. பிறகு தேசியச் சுகாதாரச் சேவை அதையே பயன்படுத்தியதால், பெண்களுக்குத் திருமணமாகிப் பெயர் மாறியபோதெல்லாம் பழைய பெயரை அடித்து மேலே புதுப் பெயரை வேறு மையில் எழுதினார்கள். காணாமல் போன அத்தைகளைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல ஆவணத்தை நான் பார்த்ததில்லை.

இப்படியே போய் நம் கற்பனைப் பெண்மணியின் மரம் முடிகிறது. அம்மா வழியில் ஒரே மாமா, முதல் உலகப் போரின் சோம் சண்டையில் கல்யாணமாகாமல் இறந்தவர். அப்பா வழியில் வளர்ந்து ஆளானவர்கள், 1911-க்குப் பிறகு பிறந்த கடைக்குட்டியையும் சேர்த்து, அப்பா நீங்கலாக ஆறு பேர். அதில் ஒருவர் பிள்ளை இல்லாமல் போரில் போனவர். ஒருவர் கடைசிவரை கல்யாணம் செய்யாத ஆசிரியை. மிச்சம் நாலு கிளை. கிளைக்கு 60,000 பவுண்டு. ஒரு கிளையில் ஒரே மகன், முழுப் பங்கும் அவருக்கு. இன்னொன்றில் இரண்டு பேர், ஆளுக்கு 30,000. மூன்றாவது கனடாவுக்குப் போன அத்தை. அவருடைய பிள்ளைகள் மூவரும் இறந்து, ஒவ்வொருவருக்கும் நாலு பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்கு ஆளுக்கு 5,000.

நாலாவது கிளை 1913-ல் பிறந்த சித்தப்பா. 1939 பதிவேட்டில் இருக்கிறார். அதற்குப் பிறகு ஆளையே காணோம். இங்கிலாந்தில் இறந்ததாகப் பதிவு இல்லை. கப்பல் பயணிகள் பட்டியலில் அதே பெயரில் ஆஸ்திரேலியாவுக்கு இருவர், தென்னாப்பிரிக்காவுக்கு ஒருவர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். சித்தப்பா பிள்ளை இல்லாமல் இறந்தார் என்று முடிவானால், மற்ற மூன்று கிளைகளுக்கும் பங்கு 60,000-லிருந்து 80,000 ஆகும். ஏற்கெனவே கிடைத்த வாரிசுகளில் யாருக்கும் அவரைத் தேடுவதில் லாபம் இல்லை. அவர்களிடம் கையெழுத்து வாங்கிவிட்ட கமிஷன்காரருக்கும் அதே கதைதான். மொத்தத் தொகைக்கும் சதவீதம் உறுதியான பிறகு, ஆஸ்திரேலியாவில் போய்த் தேடுவது அவருக்குச் செலவு மட்டுமே. கண்டுபிடித்த பிள்ளைகள் கையெழுத்துப் போட மறுத்துவிட்டால் நஷ்டமும்கூட. நேர்மையானவர்கள் அப்படியும் தேடுவார்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒருவருடைய நேர்மைக்கும் வருமானத்துக்கும் நடுவே சண்டை மூட்டிவிடுகிற ஏற்பாடு நல்ல ஏற்பாடு ஆகாது.

அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் வாதாடுவது: எஸ்டேட்டை நிர்வகிக்கிறவரே ஆய்வாளரை அமர்த்தட்டும், வேலை செய்த நேரத்துக்கோ முன்கூட்டிப் பேசிய ஒரே தொகைக்கோ எஸ்டேட்டிலிருந்தே கொடுக்கட்டும். அப்போது ஆய்வாளருக்கு யார் கிடைத்தாலும் ஒன்றுதான், யாரும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான். செலவு எல்லா வாரிசுகளின் பங்கிலும் விகிதப்படி விழும். 2,40,000-ல் கால் பங்கு கமிஷன் என்றால் 60,000, வாட் 12,000, ஆக 72,000 பவுண்டு. கனடாக் கிளையில் உள்ள ஒருவருக்குத் தன் 5,000-ல் 1,500 போய்விடும். ஒரு சாதாரண யார்க்ஷையர் மரத்தை நேரக் கணக்கில் போட்டு முடிக்க இதன் அருகில்கூடச் செலவு வராது.

நிர்வகிக்கிறவருக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. தவறான ஆளுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, நாளைக்குச் சித்தப்பாவின் மகள் பெர்த்திலிருந்து வந்து நின்றால், அந்த 60,000-த்தைத் தன் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டிவரும். அதனால் 'லண்டன் கெஸட்'டிலும் உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து இரண்டு மாதம் காத்திருப்பார்கள். பிறகு காப்பீடு எடுப்பார்கள். விடுபட்ட வாரிசு வந்தால் காப்பீட்டு நிறுவனம் கொடுக்கும். ஆனால் பாலிசி தருகிறவர் முதலில் கேட்பது ஆய்வாளரின் அறிக்கையைத்தான். எதைத் தேடினீர்கள், எங்கே தேடினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்? அந்தக் கடைசிக் கேள்விக்கு நல்ல பதில் எழுதத் தெரிந்தவர்தான் நல்ல ஆய்வாளர்.

காப்பீடும் ஒத்துவராவிட்டால் நீதிமன்றம். 1892-ல் ஐரோப்பாவில் விடுமுறைக்குப் போன பிலிப் பெஞ்சமின் என்ற இளைஞர் காணாமல் போனார். அடுத்த வருடம் அவருடைய தந்தை இறந்தார். உயிலில் மகனுக்கும் பங்கு. மகன் தந்தைக்கு முன்பே இறந்ததாக வைத்துக்கொண்டு சொத்தைப் பிரிக்கலாம் என்று 1902-ல் நீதிமன்றம் அனுமதித்தது. இன்றைக்கும் இப்படிப்பட்ட உத்தரவுக்குப் பெஞ்சமின் உத்தரவு என்றுதான் பெயர். மகன் பிறகு திரும்பி வந்தால் தன் பங்கைக் கேட்கும் உரிமை போய்விடாது. பணத்தைப் பிரித்தவருக்கு மட்டும் பாதுகாப்பு.

வாரிசு என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. 1930-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஹென்ரியேட்டா காரெட் என்ற பிள்ளையில்லா விதவை இறந்தார். மூக்குப்பொடி வியாபாரத்தில் வந்த செல்வம், சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர். உயில் கிடைக்கவில்லை. உரிமை கேட்டவர்கள் சுமார் 26,000 பேர்! வழக்கு இருபது வருடத்துக்கு இழுத்தது. கடைசியில் உறவை நிரூபிக்க முடிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். இதற்கு நேர்மாறான ஆபத்து இன்றைக்கு. மேலே சொன்ன, உரிமை கோரப்படாத எஸ்டேட்டுகளின் பட்டியலைப் பார்த்து, இறந்தவர் பெயரில் போலி உயில் தயாரித்துச் சொத்தைச் சுருட்டுகிற கும்பல்களைப் பற்றி 2025-ல் பிபிசி புலனாய்வு வெளியிட்டது. அதையடுத்து அரசு பட்டியலைப் பொதுப் பார்வையிலிருந்து தற்காலிகமாக எடுத்தது. பட்டியல் திறந்து கிடப்பது நல்லதா கெட்டதா என்று இங்கே பெரிய விவாதம். திறந்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. மூடிவிட்டால் போலி உயிலை எதிர்த்து நிற்கக்கூடிய உண்மையான அத்தை மகனுக்கும் விஷயம் தெரியாமலே போய்விடும்.

பிரான்சில் வேறு மாதிரி. அங்கே இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடக்கிற தொழில். அந்த்ரிவோ என்ற நிறுவனம் 1830-ல் தொடங்கியது, இன்றும் இருக்கிறது. 1871 மே மாதம் பாரிஸ் கம்யூன் காலத் தீயில் நகரத்தின் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் எரிந்தன. பாதுகாப்புக்காக இரண்டு பிரதிகளை இரண்டு கட்டடங்களில் வைத்திருந்தார்கள், இரண்டும் எரிந்தன. மீட்டு எழுதப்பட்டது மூன்றில் ஒரு பங்கு அளவுதான். பாரிஸ் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு அந்தத் தீ இன்னும் அணையவில்லை. பிரெஞ்சுச் சட்டம் நம் ஊர்ப் பங்காளி முறையை நினைவுபடுத்துகிற தூரத்துக்கு, ஆறாவது உறவுப் படிவரை, அதாவது கொள்ளுத்தாத்தா வழிவரை போகும். அதனால் அங்கே மரங்கள் இன்னும் பெரியவை.

நான் சொல்ல வந்தது பிரான்சின் 2006-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி, சொத்தில் நேரடியான, நியாயமான அக்கறை உள்ள ஒருவர் எழுத்தில் பொறுப்பு ஒப்படைக்காமல் யாரும் வாரிசு தேடிப் பிழைக்க முடியாது. பெரும்பாலும் அந்த எஸ்டேட்டைக் கவனிக்கிற நோட்டரிதான் ஒப்படைப்பார். கமிஷன் அங்கேயும் உண்டு. ஆனால் விடிகாலைப் பட்டியல் ஓட்டம் கிடையாது, ஒரே வாரிசின் வாசலில் நாலு நிறுவனங்கள் வந்து நிற்பது கிடையாது. ஆய்வாளர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது தெளிவு. இங்கிலாந்திலும் இந்த ஒரு வரியாவது சட்டமாக வேண்டும்.

கமிஷன் முறையை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஸ்டேட்டை நிர்வகிக்க ஆளே இல்லை, சொத்து எவ்வளவு என்றும் தெரியாது, அப்போது தன் காசைப் போட்டுத் தேடத் துணிகிறவருக்குக் கூலி வேண்டும்தான். அவர் இல்லாவிட்டால் பணம் கருவூலத்துக்கு. என் கவலை சின்ன எஸ்டேட்டுகளைப் பற்றி. எட்டாயிரம், பத்தாயிரம் பவுண்டு, குடும்பம் ஐந்து நாட்டில் சிதறிக்கிடக்கிறது என்றால் கமிஷன்காரர் யாரும் தொடமாட்டார். கட்டணமும் கட்டுப்படியாகாது. அந்தப் பெயர்கள்தான் பட்டியலில் வருடக்கணக்கில் கிடக்கின்றன.

அங்கே நம் ஆட்களும் வருகிறார்கள். பிறப்பு, பெற்றோர் எல்லாம் வெளிநாட்டில் என்றால் மேலே சொன்ன ஆங்கிலேய ஆவணம் எதுவும் உதவாது. தமிழர் விஷயத்தில் சிக்கல் இன்னும் கூடும். தந்தையின் பெயர் மகனுக்கு இனிஷியல், இங்கிலாந்து ஆவணத்தில் அது குடும்பப் பெயர், அவருடைய தம்பிக்கு கனடாவில் வேறு குடும்பப் பெயர். காகிதத்தில் அண்ணன் தம்பி என்று எந்த வெள்ளைக்கார ஆய்வாளருக்கும் தெரியாது. இலங்கையில் பிறந்தவர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. பிறப்புச் சான்றிதழில் தந்தை வழிப் பாட்டனின் பெயருக்கும் பிறந்த இடத்துக்கும் கட்டம் இருக்கிறது, ஒரே தாளில் மூன்று தலைமுறை. ஆனால் போரில் வீட்டை விட்டு ஓடியவர்களிடம் அந்தத் தாள் இருக்க வேண்டுமே. தமிழ்நாட்டில் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் மனைவி, பிள்ளை, பெற்றோருக்குப் போதும். சித்தப்பா மகன், அத்தை பேத்தி என்று வரும்போது போதாது. லண்டனில் தனியாக இருக்கிற வயதான தமிழர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், உயில் எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் தாத்தா பாட்டி பெயர், ஊர், உடன்பிறந்தவர்கள் இப்போது எங்கே என்று ஒரு தாளிலாவது எழுதி வாங்கி வையுங்கள்.

கடைசியாக, கடிதம் வந்துவிட்டவர்களுக்கு. 'உங்கள் உறவினர் ஒருவர் இறந்திருக்கிறார், விவரம் சொல்ல ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டும்' என்று வந்தால், அது மோசடி என்று உடனே தூக்கிப் போடவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். உங்கள் தாத்தா பாட்டி வழியில் தொடர்பு விட்டுப்போன யாராவது உண்டா என்று வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள். உண்மையான நிறுவனம் முன்பணம் கேட்காது, பாஸ்போர்ட் நகலை முதல் கடிதத்திலேயே கேட்காது. 'இறந்தவருக்கும் உங்களுக்கும் ஒரே குடும்பப் பெயர்' என்று மட்டும் காரணம் காட்டி மின்னஞ்சல் வந்தால் அது ஏமாற்று. எஸ்டேட்டை இப்போது நிர்வகிப்பது யார் என்று எழுதிக் கேளுங்கள். ஏற்கெனவே ஒரு சொலிசிட்டர் இருக்கிறார் என்றால் நீங்கள் நேரடியாக அவருக்கே எழுதலாம். சதவீதத்தைக் குறைத்துக் கேளுங்கள், குறைப்பார்கள். வாட் சேர்த்தா சேர்க்காமலா, மற்றச் செலவு தனியா என்பதும் எழுத்தில் வேண்டும். வீட்டிலோ தபாலிலோ கையெழுத்துப் போட்ட நுகர்வோர் ஒப்பந்தத்தைப் பொதுவாகப் பதினாலு நாளுக்குள் ரத்து செய்ய முடியும்.

காலம் கடந்துவிட்டதே என்று நினைக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சொத்து கருவூலத்துக்குப் போன பிறகும் பன்னிரண்டு வருடத்துக்குள் உறவை நிரூபித்தால் வட்டியோடு திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகும், இறந்த நாளிலிருந்து முப்பது வருடம்வரை, வட்டி இல்லாமல் பரிசீலிப்பார்கள். அதற்கான விண்ணப்பத்தைக் கமிஷன்காரர் யாரும் இல்லாமல் நீங்களே அனுப்பலாம். பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள் சங்கிலி அறுபடாமல் வரிசையாக இருந்தால் போதும். கருத்துப் பெட்டியில் கேட்டால் விண்ணப்பத்தோடு எந்தெந்தச் சான்றிதழ் வைக்க வேண்டும் என்று உங்கள் உறவு முறைக்கு ஏற்றபடி எழுதித் தருகிறேன். இறந்தவரின் பெயரையும் முகவரியையும் மட்டும் அங்கே எழுதாதீர்கள்.